மட்டை பிடிக்கும் பிள்ளைகள் ஏன் நம்மிடம் வளர்வதில்லை?

பிட்ஸ்பர்க், நவம்பர் 2025

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் பொது மேலாளர் திரு. பென் செரிங்டன் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மடல் உங்கள் மேசைக்கு வர வழியில்லை என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலில் புளியோதரைத் தட்டோடு உட்கார்ந்து, பைரேட்ஸைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிற தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, இங்கே வந்த பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து பேஸ்பால் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். உங்களிடம் கேட்க வேண்டியதை முதலில் அவர்கள் முன்னால் கேட்கிறேன். மனதில் உள்ளதை முழுசாகச் சொல்ல எனக்கு இந்த மொழிதான் வரும்.

இந்த மாதம் நம் பால் ஸ்கீன்ஸுக்கு, உச்ச லீகான மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான (பந்துவீச்சாளருக்கான) சை யங் விருது கிடைத்தது. வாக்களித்த எல்லோருமே அவரை முதலிடத்தில் வைத்தார்கள். எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். அப்புறம் என் மகள் அவருடைய கணக்கைப் படித்துவிட்டு, "இவ்வளவு நல்லா போட்டவர் ஏன்ப்பா பத்து மேட்ச் தோத்தார்?" என்று கேட்டாள்.

ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கொடுத்தது 1.97 ரன். 216 ஸ்டிரைக் அவுட், அதாவது பந்தை அடிக்கவிடாமலே பேட்டரை வெளியேற்றியது. இப்படி வீசியவருடைய கணக்கில் 10 வெற்றி, 10 தோல்வி. ஒரு பிட்சர் எதிரணியைக் கட்டிப்போடலாம், தன் அணிக்கு ரன் எடுத்துத் தர முடியாது. 162 ஆட்டங்களில் நாம் எடுத்தது 583 ரன், அடித்தது 117 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி). 30 அணிகளில் இரண்டிலுமே கடைசி இடம் நமக்கு. ஸ்கீன்ஸ் வீசும் நாளில் மைதானத்துக்குப் போனவர்களுக்கு அந்தச் சங்கடம் தெரியும். ஏழாவது இன்னிங்ஸில் ஆட்டம் 1-0 அல்லது 1-1 என்று நிற்கும். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு, யாராவது ஒருவர் அடித்துவிட மாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

இதற்கு எங்கள் வட்டத்தில் பொதுவாகச் சொல்லப்படும் பதில் ஒன்றுதான்: உரிமையாளர் பாப் நட்டிங் பணம் செலவு செய்வதில்லை. இந்த ஆண்டு முதல் உள்ளூர் ஆட்டத்தன்று அணியை விற்கச் சொல்லும் பதாகையை இழுத்துக்கொண்டு ஒரு விமானம் மைதானத்துக்கு மேலே பறந்தது. "அணியை விற்றுவிடு" என்ற கோஷம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. நானும் அந்தக் கோஷம் போட்டவன்தான், அதை இப்போதும் மறுக்கவில்லை. 1887 முதல் நேஷனல் லீகில் ஆடும் ஓர் அணி, 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் ஒப்பந்தத்தை 2023இல்தான் பிரையன் ரெனால்ட்ஸோடு போட்டது என்றால் ரசிகனுக்குக் கோபம் வரும்.

ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. காரணம் மில்வாக்கி.

மில்வாக்கி நம்மைப் போலவே சின்னச் சந்தை. நியூயார்க்போல, லாஸ் ஏஞ்சலஸ்போலப் பணத்தைக் கொட்ட அவர்களாலும் முடியாது. அந்த புரூவர்ஸ் அணி இந்த ஆண்டு 97 ஆட்டங்களை வென்று, மேஜர் லீகிலேயே முதலாவதாக வந்தது. கடந்த எட்டு ஆண்டில் ஏழு முறை பிளேஆஃப் போயிருக்கிறார்கள். நாம் கடைசியாகப் போனது 2015. உங்கள் பொறுப்பில் கழிந்த ஆறு சீசன்களில் ஒன்றில்கூட வெற்றிகள் தோல்விகளை மிஞ்சவில்லை.

அங்கே இந்த ஆண்டு 13 வெற்றி, 3 தோல்வி என்று வீசிய குவின் பிரீஸ்டர் யார்? அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்ட்டில், 2019இன் முதல் சுற்றில் பைரேட்ஸ் தேர்ந்தெடுத்த பையன். 2024 ஜூலையில் அவரை பாஸ்டனுக்குக் கொடுத்து நிக் யார்க் என்ற பேட்டரை வாங்கினீர்கள். ரன் எடுக்க ஆள் இல்லாததால் வளர்த்த பிட்சரை விற்க வேண்டி வந்தது. விற்று வாங்கியும் அந்தக் குறை தீரவில்லை. 2021 டிராஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தேர்வு நம்முடையது, ஹென்றி டேவிஸ். புரூவர்ஸுக்கு வாய்த்தது 15ஆவது இடம். அதில் அவர்கள் சால் ஃப்ரெலிக்கை எடுத்தார்கள். இன்று அவர்களுடைய வரிசையில் நம்பி நிறுத்தக்கூடிய பேட்டர் அவர்.

டேவிஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். எங்கள் வாதங்கள் எல்லாம் கடைசியில் வந்து நிற்பது அவரிடம்தான்.

அவரை நீங்கள் எடுத்தது கேட்ச்சராக. பேஸ்பாலில் அதைவிடப் பாரமான இடம் கிடையாது. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் செய்யும் வேலையோடு பாதித் தலைவனின் வேலையும் சேர்ந்தது அது. ஒவ்வொரு பந்துக்கும் என்ன வீசலாம் என்று பிட்சருக்குச் சொல்ல வேண்டும், எதிரணி பேட்டர்களின் பலவீனம் மனப்பாடமாக இருக்க வேண்டும், முழங்கால் நோக மூன்று மணி நேரம் குந்தியிருக்க வேண்டும். அந்தப் பையனை 2023 ஜூனில் மேஜர் லீகுக்கு அழைத்ததும் மைதானத்தின் வலக்கோடியில், ரைட் ஃபீல்டில் நிறுத்தினீர்கள். அடுத்த ஆண்டு இன்னொரு கேட்ச்சர் எண்டி ரொட்ரிகெஸுக்குக் காயம், எனவே டேவிஸ் மறுபடி கேட்ச்சர். உலகத்தின் மிகக் கடினமான பந்துவீச்சை முதல்முறையாகச் சந்திக்கும் ஓர் இளைஞனுக்கு, நின்று பழகும் இடத்தையும் சேர்த்து மாற்றினால் எதைத்தான் உருப்படியாகக் கற்க முடியும்? அவருடைய பேட்டிங் சராசரி 2023இல் .213, 2024இல் .144, 2025இல் .167. கடைசி இரண்டு ஆண்டும் பத்து முறைக்கு இரண்டு ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸை எட்டுவது) என்ற அளவைக்கூட எட்டவில்லை. கோயில் மேசையில் ஒருவர் "பையனுக்கே அவ்வளவுதான் திறமை" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாட்டிலேயே முதல் ஆளாக நீங்கள் தேர்ந்தெடுத்தவர் அவர். திறமை இல்லாமல் எடுத்திருக்க மாட்டீர்கள்.

நம் பேட்டர் ஒனீல் குரூஸும் அப்படித்தான். இந்த மே மாதம் நம் மைதானத்தில் அவர் அடித்த ஹோம் ரன் மட்டையிலிருந்து மணிக்கு 122.9 மைல் வேகத்தில் கிளம்பியது. ஸ்டாட்காஸ்ட் கருவிகள் 2015இல் அளக்கத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு வேகமாக யாரும் அடித்ததில்லை. அதே மனிதர் சீசன் முடிவில் நின்றது .200இல். 2024 ஆகஸ்ட்டில், சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, உள்வட்டத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக நின்றவரை வெளிவட்டத்தின் நடுவே, சென்டர் ஃபீல்டுக்கு மாற்றியிருந்தீர்கள். தடுப்பாட்டத்தை நினைத்தால் அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தக் கைகளில் உள்ள பலத்தை ஒரு முழுமையான பேட்டராக மாற்றும் வேலை என்ன ஆனது? 2024 முடிவில் ஹிட்டிங் கோச்சை மாற்றினீர்கள். அடுத்த ஆண்டு ரன் எடுப்பதில் கடைசி இடம். அப்படியானால் சிக்கல் ஒரு கோச்சோடு முடிவதல்ல.

இதைத் திருத்த முடியும் என்று நான் நம்புவதற்குக் காரணமும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நீங்கள் வருவதற்கு முன் இந்த அணி பிட்சர்களையும் பாழாக்கியது. 2011 டிராஃப்ட்டின் முதல் தேர்வு கெரிட் கோல். தாழ்வாக அமுங்கும் பந்தைப் போட்டு, அடிக்கவிட்டுத் தரையில் பிடி என்பதுதான் அப்போது இங்கே சொல்லித்தந்த பாடம். 2018 ஜனவரியில் அவரை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். ஹூஸ்டன்காரர்கள் அந்தப் பந்தைக் குறைத்து, உயரத்தில் வேகப்பந்தும் வளைவுப்பந்தும் போடச் சொன்னார்கள். 2019இல் 326 ஸ்டிரைக் அவுட். அதே 2018 ஜூலையில் கிரிஸ் ஆர்ச்சர் என்ற பிட்சருக்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் என்று மூன்று பேரைத் தாம்பா பேவுக்குக் கொடுத்தார்கள். அந்த வியாபாரத்தின் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் இன்றும் முகம் சுருங்கும்.

அந்தத் தவறுகளிலிருந்து பந்துவீச்சுப் பக்கம் பாடம் படித்தது. மிட்ச் கெல்லர் 2019இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏழு ரன்னுக்கு மேல் கொடுத்துத் தடுமாறியவர், 2023இல் ஆல்-ஸ்டார் (லீகின் நட்சத்திர அணிக்குத் தேர்வானவர்) ஆனார். ஜாரெட் ஜோன்ஸ், பிராக்ஸ்டன் ஆஷ்கிராஃப்ட், பபா சாண்ட்லர் என்று பிட்சர்கள் வரிசையாக வந்தார்கள். ஆக, பழைய முறை தப்பு என்று ஒப்புக்கொண்டு வேறு முறைக்கு மாற இந்த அமைப்புக்குத் தெரியும். மட்டைப் பக்கம் மட்டும் அந்த ஒப்புதல் இதுவரை வரவில்லை. பாஸ்டனில் வீரர் வளர்ப்புத் துறையையே நடத்தியவர் நீங்கள். இதை நான் விளக்கத் தேவையில்லை.

சாண்ட்லரைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அவரை மேஜர் லீகுக்குக் கீழ்ப்படியான மைனர் லீகில், இண்டியானாபோலிஸிலேயே வைத்திருந்து ஆகஸ்ட் 22 அன்றுதான் அழைத்தீர்கள். ஒரு வீரர் மேஜர் லீகில் ஆறு ஆண்டு முடித்தால் எந்த அணிக்கும் போகலாம். 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு கணக்கு. முதல் ஆண்டில் தாமதமாக அழைத்தால் அணிக்கு ஓர் ஆண்டு கூடக் கிடைக்கும். உங்கள் உண்மையான காரணம் வேறாக இருக்கலாம். நீங்கள் விளக்காதவரை, ரசிகர்களாகிய நாங்கள் காலண்டரைத்தான் காரணமாக நினைப்போம். ஸ்கீன்ஸையும் 2024 மே 11 வரை மைனர் லீகில் வைத்திருந்தீர்கள். சிறந்த புதுமுகம் விருது வாங்கியதால் லீகும் வீரர்களும் போட்ட 2022 ஒப்பந்த விதிப்படி அவருக்கு முழு ஆண்டும் கணக்கில் சேர்ந்துவிட்டது. 2029 முடிவில் அவர் சுதந்திரம். அதாவது உங்களிடம் இருப்பது நான்கே சீசன்கள்.

உங்களைத் தாண்டிப் பழைய கதை ஒன்று. 1954இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் ஒரு போர்ட்டோ ரிக்கோ இளைஞனை மான்ட்ரியாலில், மைனர் லீகில் வைத்திருந்தது. அந்த ஆண்டு லீகில் கடைசி இடம் பிடித்த பைரேட்ஸ், விதிப்படி கிடைத்த வாய்ப்பில் அவரைத் தட்டிக்கொண்டு வந்தது. முதல் ஆண்டு அவர் அடித்தது .255. 1957இலும் .253தான். ரைட் ஃபீல்டை அவருடையதாகவே விட்டு, ஐந்து ஆண்டு பொறுத்தார்கள். 1960இல் .314, கூடவே உலகத் தொடர் கோப்பை. ராபர்டோ கிளெமென்டே 3000 ஹிட்டோடு 1972இல் மறைந்தார், நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பொருள் கொண்டுபோன விமானத்தில். ஆட்ட நாட்களில் அவர் பெயர் கொண்ட பாலத்தில் நடந்துதான் மைதானத்துக்கு வருகிறோம். அவர் அணிந்த 21ஆம் எண்ணை இந்த ஆண்டு சுவரிலிருந்து எடுத்து விளம்பரம் வைத்தபோது ஊரே கொதித்ததும், நிர்வாகம் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இதே பைரேட்ஸ்தான் 2008இல், அதுவரை பேஸ்பாலே ஆடியறியாத இரண்டு உத்தரப் பிரதேச ஈட்டி எறி வீரர்களை, ரிங்கு சிங்கையும் தினேஷ் பட்டேலையும், ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலுக்குள் வந்த முதல் இந்தியர்கள். இருவரும் மேஜர் லீக் வரை போகவில்லை. ஆனாலும் யாரும் செய்யாததைச் செய்து பார்க்கிற மனம் இந்த அணிக்கு இருந்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

இப்போது கானர் கிரிஃபின் என்ற இளம் ஷார்ட்ஸ்டாப். 2024இல் ஒன்பதாவது தேர்வு. அவருடைய மட்டை வீச்சை நம்பாமல் மற்ற அணிகள் தயங்கியதால்தான் நம் கைக்கு வந்தார் என்று சொன்னார்கள். 19 வயதில், ஒரே ஆண்டில் பிராடென்டன், கிரீன்ஸ்பரோ, அல்டூனா என்று மைனர் லீகில் மூன்று படி ஏறி, சராசரி .333, 21 ஹோம் ரன், 65 ஸ்டீல் (பந்து அடிபடாமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது). யாரோ அவருடைய மட்டையைச் சரியாகக் கவனித்திருக்கிறார்கள். அது யார்? என்ன செய்தார்கள்? டேவிஸுக்குச் செய்யாதது எது? இதை நீங்கள் பொதுவில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் முதல் கோரிக்கை. குளிர்காலத்தில் வெளியிலிருந்து ஓரிரு பேட்டர்களை வாங்குவீர்கள், வாங்கவும் வேண்டும். அதைக் காட்டி இந்தக் கேள்வியை மூடிவிடாதீர்கள்.

அடுத்தது, அவரை ஷார்ட்ஸ்டாப்பாக விடுங்கள். வேறொருவருக்குக் காயம் என்று அவரை இடம் மாற்றாதீர்கள். தயாரான அன்று அழையுங்கள். தயாராகவில்லை என்றால், எதில் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே வையுங்கள், நாங்கள் காத்திருப்போம். 1992க்குப் பிறகு 20 ஆண்டு தொடர்ந்து தோற்றபோதும் காத்திருந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

கோடை முடியும் நேரத்தில் மகளை அல்டூனாவுக்கு அழைத்துப் போனேன். அங்கே மைதானத்தின் வலப்பக்கச் சுவருக்கு அப்பால் ஒரு பழைய ரோலர் கோஸ்டர் நிற்கும். மகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிரிஃபின் மட்டையோடு வந்து நின்றபோதெல்லாம் எழுந்து நின்றாள். ஏப்ரலில் மறுபடி போகலாமா என்று இப்போதே கேட்கிறாள். எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
பிட்ஸ்பர்க்கில் வாழும் ஒரு தமிழ் ரசிகன்