‘விக்டோரியா’ மாதிரிக் கப்பல்: உதவிய அனைவருக்கும் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். பிரிட்டிஷ் கடற்படையின் மத்தியதரைக் கடல் அணிக்குத் தலைமைக் கப்பலாக இருந்து, 1893 ஜூன் 22 அன்று இன்றைய லெபனானின் திரிபோலிக்கு அருகே மூழ்கிப்போன ‘எச்.எம்.எஸ். விக்டோரியா’வின் மாதிரியை 1:200 அளவில் கட்டி, வண்ணம் தீட்டி முடித்துள்ளேன். 340 அடி நீளமுள்ள அந்தப் போர்க்கப்பல் இப்போது சுமார் 52 சென்டிமீட்டர் நீளத்தில் என் மேசைமேல் நிற்கிறது. இதைக் காண வருவோர் என்னைப் பாராட்டும்போதெல்லாம், அந்தப் பாராட்டில் பெரும்பங்கு வேறு சிலருக்கு உரியது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால், செய்த உதவியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

விக்டோரியா, நியூகாசிலை அடுத்த எல்ஸ்விக்கில் ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்தின் தளத்தில் கட்டப்பட்டு, 1887 ஏப்ரலில் டைன் ஆற்றில் இறக்கப்பட்டது. ‘ரினௌன்’ என்று வைக்கவிருந்த பெயர், விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி மாற்றப்பட்டது. தாழ்ந்த முன்தளத்தில் ஒரே சுழல்மேடை, அதனுள் 16.25 அங்குல வாயுடைய, ஒவ்வொன்றும் சுமார் 110 டன் எடையுள்ள இரண்டு பீரங்கிகள். பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு புகைபோக்கிகள். அவற்றுக்குப் பின்னே ஒற்றைப் பாய்மரம். இப்படியோர் உருவம் கப்பல்களில் மிக அரிது. அதன் இறுதி ஆண்டில் இருந்த தோற்றத்தையே காட்ட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அந்த உறுதியைக் காப்பாற்றித் தந்தவர்கள்தாம் இம்மடலுக்கு உரியவர்கள்.

முதல் நன்றி, பழைய கப்பற்படங்களைத் திரட்டி வைத்திருக்கும் பெரியவருக்கு. விக்டோரியாவின் உடன்பிறப்புக் கப்பலான ‘சான்ஸ் பரேல்’ தேம்ஸ் கரையில் கட்டப்பட்டது. இரண்டும் உருவத்தில் ஒத்திருப்பதால், ஒன்றின் படம் மற்றொன்றின் பெயரில் பல இடங்களில் உலவுகிறது. ஐயா அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். அத்துடன், கொதிகலன்களுக்குக் காற்றிழுப்புப் போதாமையால் 1890இல் விக்டோரியாவின் புகைபோக்கிகள் 17 அடி உயர்த்தப்பட்டன என்பதைச் சுட்டிக்காட்டி, குட்டையான புகைபோக்கி உள்ள படங்களையெல்லாம் தனியே எடுத்து வைத்தார். என் அளவில் அந்த 17 அடி 26 மில்லிமீட்டர். கப்பலின் முகத்தையே மாற்றிவிடும் வேறுபாடு அது.

பீரங்கிகளைப் பித்தளைக் கம்பியில் கடைந்து தந்தவர், ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி ஒருவர். சுமார் 6 சென்டிமீட்டர் நீளம், அடியில் தடித்து வாயை நோக்கிப் படிப்படியாக மெலியும் உருவம், முனையில் 2 மில்லிமீட்டர் துளை. இரண்டு குழல்களையும் பக்கத்தில் பக்கம் வைத்தால் மயிரிழை வேறுபாடும் தெரியாது. கூலி என்ற பேச்சை எடுக்கவே அவர் விடவில்லை.

வண்ணத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அக்காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சாம்பல் நிறத்தில் இருந்ததில்லை. கருத்த உடல், வெள்ளை மேற்கட்டு, காவி சாயல் கொண்ட இளமஞ்சள் புகைபோக்கி, பாய்மரம் என்று விழாக்கோலத்தில் இருந்தன. ஆனால் கையில் இருப்பவையோ கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றில் புகைபோக்கி கிட்டத்தட்டக் கருமையாகவே தெரிகிறது. இந்த இடத்தில் எனக்கு வழிகாட்டியவர், பழைய ஒளிப்பட முறைகளைக் கற்பிக்கும் அம்மையார் ஒருவர். அந்நாளைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகுதியாகவும், மஞ்சளையும் சிவப்பையும் மிகக் குறைவாகவும் வாங்கிக்கொண்டன. ஆகவே இளமஞ்சள் இருண்டும் வானம் வெளுத்தும் பதிவாகும் என்று விளக்கியதோடு நில்லாமல், நான் கலந்த வண்ணங்களை அட்டையில் பூசி அனுப்பச் சொல்லி, அதே வகைத் தகட்டில் படம் எடுத்தும் காட்டினார். பழைய படத்தோடு ஒத்துப்போன கலவையைத்தான் இறுதியில் பயன்படுத்தினேன். என்னைப் பொறுத்தவரை இந்த வேலை முழுவதிலும் மிகுந்த மகிழ்ச்சி தந்த நாள் அதுதான்.

காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் இரவல் தந்த நண்பருக்கும் நன்றி. வெள்ளையை முதலில் அடித்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, இளமஞ்சளைப் பூசி, கறுப்பைக் கடைசியாக வைத்துக்கொள்ளும் முறையைக் கற்பித்தவர் அவரே. சிறிய மாதிரியில் முழுக்கறுப்பு கண்ணை உறுத்தும், சற்றே சாம்பல் கலக்க வேண்டும் என்ற அவருடைய அறிவுரையால்தான், பக்கவாட்டில் உள்ள நுண்ணிய வேலைகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

கப்பற்பொறியாளர் ஒருவர் செய்த உதவி வேறு வகையானது. விக்டோரியா மூழ்கிய அன்று, இரண்டு வரிசைகளாகச் சென்றுகொண்டிருந்த கப்பல்களை ஒன்றை நோக்கி ஒன்று உள்நோக்கித் திரும்புமாறு துணை அட்மிரல் ஜார்ஜ் டிரையன் ஆணையிட்டார். வரிசைகளுக்கு இடையே இருந்தது சுமார் 1,100 மீட்டர்தான். மற்ற வரிசையின் முதல் கப்பலான ‘கேம்பர்டவுன்’னின் முட்டுமுனை நீர்மட்டத்துக்குக் கீழே விக்டோரியாவின் வலப்பக்கத்தைப் பிளந்தது. முன்பகுதி தாழத் தாழ, திறந்திருந்த கதவுகள் வழியாகவும் பீரங்கித் துளைகள் வழியாகவும் நீர் புகுந்து, கால் மணி நேரத்துக்குள் கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. டிரையன் உள்ளிட்ட 358 பேர் மாண்டனர். இவற்றையெல்லாம் வரைபடத்தில் காட்டி விளக்கிய அவர், வெயில் நாளில் கடலில் செல்லும் கப்பலின் கதவுகளை மாதிரியில் மூடிக் காட்டுவது பொருந்தாது என்றார். அவர் சொன்னபடி, மேற்கட்டின் கதவுகளையும் துளைகளையும் திறந்தே வைத்திருக்கிறேன். போர்ட்ஸ்மத்தின் விக்டோரியா பூங்காவில் மாண்டவர்களுக்காக நிற்கும் நினைவுத்தூணுக்கு என்னை அழைத்துச் சென்றவரும் இவரே. அங்கிருந்து திரும்பிய பிறகு, எந்த நுணுக்கத்தையும் ‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

மரத்தூளையும் பெயின்ட் வாடையையும் பொறுத்துக்கொண்டு, பாய்மரக் கயிறுகளைக் கட்டுகையில் இடுக்கி பிடித்து உடன் அமர்ந்திருந்த என் துணைவியாருக்கு என் அன்பும் நன்றியும்.

வண்ணக் கலவை விவரங்களையும், பிரித்து அடுக்கிய படங்களின் பட்டியலையும் ஒரு தொகுப்பாக்கி வைத்துள்ளேன். அவற்றைத் தந்தவர்கள் அனைவரும் இசைவு அளித்துவிட்டதால், இக்கப்பலையோ சான்ஸ் பரேலையோ கட்ட விரும்பும் எவருக்கும் கட்டணமின்றி அனுப்புவேன். பீரங்கிக் குழல்கள் வேண்டுவோருக்குக் கடைந்து தரவும் அந்தக் கடைசல் தொழிலாளி மனமுவந்து சம்மதித்திருக்கிறார்.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
மாதிரியைக் கட்டியவன்