ஆற்றங்கரை மூன்று மா நிலத்தை விற்க வேண்டாம்

மெல்பர்ன்,
ஆடி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் நலமும் அம்மா, பெரியத்தை, தம்பி வீட்டார் நலமும் அறிய ஆவல். சித்திரையில் எழுதியதோடு சரி, நான் அப்புறம் கடிதமே போடவில்லை. போனில் பேசுவது கணக்கில் சேராது என்று நீங்கள் எழுதியிருப்பது சரிதான், கோபிக்க வேண்டாம். "மூன்று வருஷமாகியும் வாடகை வீடா? பணம்தான் இடிக்கிறது என்றால் சொல், ஆற்றங்கரை மூன்று மாவைக் கொடுத்துவிட்டு அனுப்புகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. கொடுக்க வேண்டாம் அப்பா. இங்கே வீடு விற்கிற முறையே வேறு. அதை விவரமாக எழுதிவிடுகிறேன், படித்தால் ஏன் தாமதம் என்று உங்களுக்கே புரியும்.

இப்போது இங்கே நடுக்குளிர்காலம். விடியற்காலையில் 5, 6 டிகிரிதான். பழைய வீடுகளில் ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி, சுவரில் குளிர் காக்கும் பஞ்சு கிடையாது, வீட்டுக்குள்ளேயே கம்பளிச் சட்டையோடுதான் இருக்க வேண்டும். இட்லி மாவு வெளியில் வைத்தால் இரண்டு நாள் ஆனாலும் புளிப்பதில்லை. ஓவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் ஒரே ராத்திரியில் பொங்கிவிடுகிறது, அம்மாவிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரத் தாத்தா நன்றாக இருக்கிறார். எண்பது தாண்டியும் மாசியில் கொல்லைத் தக்காளியை அண்டாவில் வேகவைத்து வருஷத்துக்கு வேண்டியதைப் பாட்டிலில் அடைத்துவிட்டார், நமக்கும் ஆறு பாட்டில் வந்தது. கொத்தனாராக இருந்தவர். "வீடு பார்க்கப் போனால் சமையல்கட்டைப் பார்க்காதே, தரையைப் பார்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அது எவ்வளவு சரி என்பது பின்னால் வருகிறது.

மெல்பர்னில் நல்ல வீடுகளில் பெரும்பகுதி ஏலத்தில்தான் போகிறது. விளம்பரம் வந்து ஏலம் நடக்க ஏறக்குறைய நான்கு வாரம். இடையில் சனிக்கிழமையும் வாரத்தில் இன்னொரு நாளும் அரைமணி நேரம் வீட்டைத் திறந்து விடுவார்கள். வாசலில் பெயரும் போன் நம்பரும் கொடுத்துவிட்டு முப்பது நாற்பது பேரோடு ஒன்றாக உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். விலை என்ன என்று கேட்டால் ஒரு தாளைக் காட்டுவார்கள். 2017 மே 1 முதல் இந்த விக்டோரியா மாநிலத்தில் அந்தத் தாள் கட்டாயம். அதில் ஒரே விலை இருக்க வேண்டும், அல்லது 10 சதவீதத்துக்கு மேல் விரியாத வீச்சு இருக்க வேண்டும். 6,50,000 டாலர் முதல் 7,15,000 வரை என்று போடுவது அப்படித்தான். கூடவே 2 கிலோமீட்டருக்குள், கடந்த 6 மாதத்தில் விற்ற மூன்று வீடுகளின் விலையும் இருக்கும்.

ஏமாற்றம் தொடங்குவது இங்கேதான். விற்பவர் மனதில் வைத்திருக்கும் கடைசி விலைக்கு ரிசர்வ் என்று பெயர், அதை நமக்குச் சொல்ல மாட்டார்கள். 6,50,000 என்பதைப் பார்த்து வருகிறவர்களில் பாதிப்பேர் 7,15,000க்கு மேல் போக முடியாதவர்கள். அவர்கள் வந்தால் கூட்டம் சேரும், கூட்டத்தைப் பார்த்தால் மற்றவர் விலை ஏறும். அதனால் தாளில் உள்ள மேல் எல்லையைத்தான் தொடக்க விலை என்று எண்ணிக்கொள்ள வேண்டும். தாளில் இருக்கும் மூன்று வீடுகளை விட்டுவிட்டு, அதே தெருவில், அதே அளவு மனையில், போன இரண்டு மாதத்தில் விற்ற வீடுகளை நாமே தேடி எழுதினால்தான் நிஜ விலை தெரியும். நான் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன், நீங்கள் குறுவைக்கு எழுதுகிற மாதிரி.

ஏலம் வீட்டு வாசலிலேயே, நடுத்தெருவில் நடக்கும். திருவாரூர் விற்பனைக் கூடத்தில் பருத்திக்கு மறைமுக ஏலம். வியாபாரி சீட்டில் விலை எழுதிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இங்கே எதிராளி முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். ஏலக்காரர் நடைபாதையில் நின்று விதிகளை வாசித்துவிட்டு ஆரம்பிப்பார். முதலில் யாரும் வாய் திறக்காவிட்டால் விற்பவர் சார்பில் அவரே ஒரு விலை வைக்கலாம், ஆனால் அதை "வெண்டர் பிட்" என்று உரக்கச் சொல்லியாக வேண்டும். கூட்டத்தில் ஆள் நிறுத்திப் பொய்யாகக் கேட்க வைப்பது குற்றம். விலை பத்தாயிரம் பத்தாயிரமாக ஏறி, பிறகு ஐயாயிரமாகி, கடைசியில் ஆயிரத்திலும் ஐந்நூறிலும் வந்து நிற்கும். அந்த ஐந்நூறில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் புருஷன் பெண்டாட்டி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், "இன்னும் ஒரு ஐந்நூறுதானே" என்று ஏலக்காரர் பக்கத்தில் வந்து குனிந்து கேட்பார். கையில் மடித்த தாளில் எழுதிக்கொண்டு போன விலைக்கு மேல் ஒரு காசு கேட்கக் கூடாது. ரிசர்வைத் தொட்டதும், வீடு இப்போது விற்பனையில் இருக்கிறது என்று ஏலக்காரர் அறிவிப்பார். அதற்கு முன் முந்திக்கொண்டு கேட்பது வீண். ஒருவேளை ரிசர்வை எட்டாமல் ஏலம் நின்றுபோனால், அதிக விலை கேட்டவருக்குத்தான் முதலில் உள்ளே உட்கார்ந்து பேசும் உரிமை. நிற்கப்போகிறது என்று தெரிகிற நேரத்தில் மட்டும் கடைசிக் குரல் நம்முடையதாக இருக்க வேண்டும்.

சுத்தியல் தட்டியாயிற்று என்றால் அவ்வளவுதான். தனியாகப் பேசி வாங்கினால் மூன்று வேலைநாளுக்குள் மனம் மாறலாம், விலையில் 0.2 சதவீதமோ 100 டாலரோ, எது அதிகமோ அதை இழந்தால் போதும். ஏலத்தில் அந்தச் சலுகை கிடையாது. அன்றைக்கே கையெழுத்து, அன்றைக்கே 10 சதவீத முன்பணம். "வங்கிக்கடன் கிடைத்தால்" என்ற நிபந்தனையும் போட முடியாது. வங்கி முன்கூட்டித் தரும் ஒப்புதலுக்குப் பெரும்பாலும் மூன்று மாதம்தான் ஆயுள், அதுவும் வீட்டை வங்கி மதிப்பிட்டுப் பார்த்த பிறகே உறுதியாகும். நாம் 7,40,000 கேட்டு வங்கி 7,00,000 என்று மதிப்பிட்டால் நடுவில் உள்ள 40,000த்துக்கு நாமே வழி பார்க்க வேண்டும்.

அரசு உத்தரவாதத்தில் 5 சதவீதம் கட்டி வீடு வாங்கும் திட்டம் இருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் மெல்பர்னில் 9,50,000 டாலர் வரை முதல் வீட்டுக்கு உண்டு, வருமான வரம்பும் எடுத்தாயிற்று. ஆனால் ஏலத்தில் கேட்பது 10 சதவீதம். 5 சதவீதம்தான் தருவேன் என்று முன்கூட்டியே ஏஜென்டிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்காவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வோம். முத்திரைத் தீர்வை முதல் வீட்டுக்கு 6,00,000 வரை இல்லை, 7,50,000 வரை படிப்படியாகக் குறைவு. 7,00,000த்துக்கு வாங்கினால் சலுகை போகவும் 24,700 சொச்சம் வரும். வீட்டையும் கரையானையும் சோதிக்க ஒரு வீட்டுக்கு 500 டாலருக்கு மேல். ஏலத்துக்கு முன்பே சோதித்தாக வேண்டும், வீடு கைவிட்டுப் போனால் அந்தப் பணமும் போனதுதான்.

நீங்கள் நிலத்தை விற்று அனுப்பினாலும் இப்போது உதவாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குறைந்த முன்பணத்தில் கடன் கேட்கும்போது பல வங்கிகள் மூன்று மாதமாவது நம் கணக்கில் கிடந்த சேமிப்பைத்தான் பார்க்கின்றன. திடீரென்று வந்த தொகைக்குக் கடிதம் கொடு, கணக்குக் காட்டு என்பார்கள். இந்த மாதமும் அடுத்த மாதமும் நான் பணம் அனுப்பாததை வேறு எதுவும் நினைக்க வேண்டாம். வங்கி கணக்கைப் பார்க்கிற சமயம் என்பதால்தான். இவருக்கு ராத்திரி ஷிப்ட் கிடைத்திருக்கிறது, சம்பளம் கொஞ்சம் கூடுதல். இரண்டாவது காரை விற்றுவிட்டோம், ரயில் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் அது தேவைப்படவில்லை.

தாத்தா சொன்ன தரைக்கு வருகிறேன். இந்த ஊரின் மேற்குப் பக்கம் முழுக்க எரிமலைப் பாறை மேல் படிந்த களி. மழையில் ஊறி உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மாசியில் ஒரு வீட்டுக் கொல்லையில் கால் நுழைகிற வெடிப்பைப் பார்த்தேன், தாளடி அறுத்த பிறகு பங்குனியில் கிடக்கும் நம் வடக்கு வயல் மாதிரியே இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அப்படிப்பட்ட மண் மேல் பழைய மரவீடுகள் குட்டைக் கட்டைகளில் நிற்கின்றன. அந்த மரக்கட்டை மண்ணில் அழுகும், ஒரு பக்கம் இறங்கும். கூடத்தில் கோலிக்குண்டை வைத்தால் அது உருளும் திசை வீடு சாயும் திசை. கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திப் பார்க்க வேண்டும், மேல்மூலை இடித்தால் சட்டம் கோணிவிட்டது என்று பொருள். வெளியே செங்கல் சுவரில் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசலைப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் எல்லா வீட்டிலும் உண்டு, 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் பொறியாளரைக் கூப்பிடாமல் கேட்கவே கூடாது. புதுப் பெயின்ட் ஒரே ஒரு சுவரில் மட்டும் அடித்திருந்தால் அந்தச் சுவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுவரை ஒட்டிய யூகலிப்டஸ் மரம் ஒரு பக்கத்து ஈரத்தை உறிஞ்சும், உடைந்த தூம்புக்குழாய் இன்னொரு பக்கத்தை ஊறவைக்கும், நடுவில் சுவர் பிளக்கும். 1990க்கு முன் கட்டிய வீட்டில் கூரை விளிம்பிலும் குளியலறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், உடைக்காத வரை பயமில்லை, இடித்துக் கட்டினால் செலவு.

விற்பவர் தரும் செக்‌ஷன் 32 என்ற ஆவணக்கட்டை வழக்கறிஞரிடம் காட்டாமல் எதுவும் செய்யக் கூடாது. கொல்லையில் கழிவுநீர்க் குழாய்க்கு விட்ட பாத்தியதை, பின்னால் கூட்டிக் கட்டிய அறைக்கு அனுமதி, வெள்ளப் பகுதி என்ற குறிப்பு எல்லாம் அதில்தான் தெரியும். 2022 அக்டோபரில் மரிபிர்னாங் ஆறு வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேயும் வடக்குப் பார்த்த வீட்டுக்குத்தான் மவுசு, ஆனால் வாஸ்துவால் இல்லை. பூமியின் இந்தப் பாதியில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. குளிர்காலத்தில் கூடத்தில் வெயில் விழ வேண்டுமென்றால் ஜன்னல் வடக்கே இருக்க வேண்டும். பெரியத்தை பேரன் மாணவர் விசாவில் வந்ததும் வீடு வாங்கலாமா என்று கேட்டிருந்தான். முடியாது. 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை தற்காலிக விசாக்காரர்கள் ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்கத் தடை. நமக்கு நிரந்தர வசிப்புரிமை வந்துவிட்டதால் அந்தத் தடை இல்லை.

பதினெட்டாம் பெருக்கு வருகிறது. பாமணியாற்றில் தண்ணீர் படித்துறையின் எத்தனாவது படி வரை வந்திருக்கிறது என்று எழுதவில்லையே. தம்பி பிள்ளைகளுக்குச் சப்பரம் செய்தாயிற்றா? அம்மா காதோலை கருகமணியை ஆற்றில் விடும்போது என் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள். போன வருஷம் அன்றைக்கு நான் சித்ரான்னம் செய்து டப்பாவில் கட்டிக்கொண்டு இங்குள்ள ஆற்றங்கரைக்குப் போனேன். கடுங்குளிர், ஒருவரும் இல்லை, திரும்பி வந்துவிட்டேன். அந்த மூன்று மா இருக்கிற வரைக்கும்தான் எனக்கு அந்தப் படித்துறை என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி.

தம்பி மனை வாங்குவது பற்றி. அட்வான்ஸ் கொடுக்கவில்லையே? கொடுக்கும் முன் 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஆன்லைனிலேயே எடுக்கலாம். தாய்ப்பத்திரத்தை நகலில் அல்ல, அசலில் பார்க்க வேண்டும். பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, புலப்படத்தில் உள்ள அளவும் தரையில் சங்கிலி பிடித்த அளவும் ஒத்துப்போகிறதா என்று சர்வேயரை வைத்துப் பார்க்கட்டும். விலை இவ்வளவு சல்லிசாக இருப்பதால் கோயில் அடிமனையோ என்று எனக்குச் சந்தேகம், அ-பதிவேட்டில் யார் பெயர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். நஞ்சையை மனையாக்கியது என்றால் அனுமதி ஆணையும் மனைப்பிரிவு ஒப்புதல் எண்ணும் வேண்டும். ஒப்புதல் இல்லாத மனை 2016 அக்டோபர் 20க்குப் பிறகு பிரித்ததாக இருந்தால் தொடவே வேண்டாம். பத்திரத்தைத் தம்பி மனைவி வசந்தி பெயரில் போடுங்கள், 10 லட்சத்துக்குள் பெண்கள் பெயரில் பதிவுக்கட்டணம் 1 சதவீதம் குறைவு.

வீட்டில் என் பங்கைத் தம்பிக்கு விடுதலை எழுத எனக்கு முழுச் சம்மதம். அடுத்த வாரம் இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு உங்கள் பெயருக்குப் பவர் பத்திரம் அனுப்புகிறேன். கைக்கு வந்த நாளைத் தபால் உறையோடு குறித்து வையுங்கள். அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் காட்டி முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், தவறினால் மறுபடி எழுத வேண்டியிருக்கும். கொல்லைக் கிணற்றடியும் மாட்டுக்கொட்டகையும் சித்தப்பாவுக்குப் பொது என்பதைப் பத்திரத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் காலத்தில் சண்டை வரும்.

மூன்று மாவை இந்தச் சம்பாவுக்குப் பழைய குத்தகைக்காரரிடமே விடுங்கள். உங்கள் கண் ஆபரேஷனை ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். தேதி வைத்ததும் எழுதுங்கள், போன் வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி