சரசுவுக்கு, பெருமாள்மலையிலிருந்து

அன்புள்ள சரசு,

இங்கே எல்லாரும் நலம். முட்டிவலி அப்படியே இருக்கிறது. பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை என்று கோமதியிடம் திட்டினாயாம். திட்டு, உனக்கில்லாத உரிமையா!

எங்கள் மகளிர் குழுவில் செப்டம்பர் 17-க்கு என்னைப் பேசச் சொன்னார்கள். பெரியார் என்றால் யார் என்று கேட்டேன். கம்பத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண் ஒருத்தி, "எங்க வயலுக்குத் தண்ணி வருதே டீச்சர், அந்த அணைதானே?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அது சோறு போடுகிற ஆறு. அது பெரியாறு, இது பெரியார் என்று சொல்ல ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசிவிட்டேன்.

"செயற்கரிய செய்வார் பெரியர்" என்று நாம் ஒப்பித்தோமே. பெரியாரைத் துணைக்கோடல், பெரியாரைப் பிழையாமை என்று வள்ளுவர் இரண்டு அதிகாரமே வைத்திருக்கிறார். சான்றோர் யாருக்கும் பொருந்துகிற சொல். அது ஈரோட்டுக்காரர் ஒருவருக்கே பெயராக நின்றது எப்படி? கட்சிக்காரர்கள் கொடுத்த பட்டம் என்று நம்ம குமாரசாமி சார் இன்னமும் சாதிக்கிறார். இல்லை சரசு! முன்பே சிலர் அப்படி அழைத்ததுண்டு. ஆனால் இனி அந்தப் பெயரே வழங்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு. தலைமை மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். 1929-ல் செங்கல்பட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்ட பிறகும் அவரை நாயக்கர் என்றே பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்த வாலை அறுத்துப் பெண்கள் ஒரு பெயர் வைத்தார்கள். இந்தி எதிர்ப்பு மறியலில் கைக்குழந்தையோடு சிறைக்கும் போனார்கள்.

எங்கள் குழுவில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லையடி. ஒரு தலைவருக்கு என்ன பெயர் என்று முடிவு செய்தவர்கள் நம் பாட்டிமார் காலத்துப் பெண்கள் என்று இவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

நவம்பர் 13 அன்று மறுபடி கூடுகிறோம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைப் பற்றி நீதான் பேச வேண்டும். அந்த 1938-லேயே இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்து போன மனுஷி. வத்தலக்குண்டில் கொடைக்கானல் பஸ் பிடித்துப் பெருமாள்மலையில் இறங்கு. ஸ்வெட்டர் எடுத்து வா, என் சால்வையை இந்தத் தடவை தரமாட்டேன்.

உன்,
தேவகி