வைகைக் கரையில் எங்கள் மகளைக் காத்து நின்றவர்களுக்கு

மோர்ப் பந்தல் அம்மாவுக்கும், தண்ணீர் பீய்ச்சும் தோல் துருத்தி வைத்திருந்த தம்பிக்கும், காவலர் அக்காவுக்கும், பெயர் கேட்டுக்கொள்ளாமலே விட்டுவிட்ட மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

2025 மே 12, திங்கட்கிழமை. அழகர் ஆற்றில் இறங்கிய கொஞ்ச நேரத்தில், மதுரை ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில் வடகரையில் ஒரு பெண்குழந்தை தொலைந்துபோனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆறு வயது. மஞ்சள் பட்டுப்பாவாடை. முன்பல் இரண்டு விழுந்திருந்தது. அவளுடைய அம்மாதான் எழுதுகிறேன்.

அன்றைக்கு உங்கள் ஒருவரிடமும் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் கோரிப்பாளையம் பக்கம் நடந்துவிட்டேன். திருமங்கலம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உங்கள் முகமெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டேன். செப்டம்பர் 27 ராத்திரி கரூர் செய்தி வந்தது. ஒரு பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் போய்விட்டார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். டி.வி.யை அணைத்துவிட்டுத் தூங்குகிற மகளின் பக்கத்தில் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. எனக்கு நன்றி சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், பிள்ளையும் பக்கத்தில் படுத்திருக்கிறாள், இன்னும் நான் சொல்லாமல் இருக்கிறேனே என்று நெஞ்சு அடைத்துக்கொண்டது. எழுந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதி என் பக்கம் நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. 2022-ல் இதே ஆற்றில் அழகர் இறங்கும்போது நெரிசலில் இரண்டு பேர் இறந்தது என் வீட்டுக்காரருக்கு மறக்கவில்லை. "சின்னதுகளை வச்சுக்கிட்டு எதுக்கு, டி.வி.யில பாத்துக்கலாம்" என்றார். எங்கள் அத்தைக்குச் சர்க்கரைச் சொம்பு எடுக்கிற வேண்டுதல் இருந்தது. எனக்கும் ஆசைதான். என் அப்பா என்னைத் தோளில் வைத்துக் காட்டிய அழகரை என் மகளும் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஆசையில் தப்பு இருப்பதாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினோம். கிளம்பும் முன் வாசல் லைட்டில் நாத்தனார் பிள்ளைகளை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தாள். அந்தப் போட்டோ பிறகு எவ்வளவு உதவப்போகிறது என்று எங்களுக்கு அப்போது தெரியாது. அவர் தோளில் சின்னவன். என் கையில் மகள். அத்தை கையில் சர்க்கரை நிரப்பி வாழை இலையால் வாய்கட்டிய சொம்பு. விடியும்போது கரையில் நல்ல இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்குதிரையில் வீரராகவப் பெருமாள் எதிர்கொண்டு காத்திருந்தார். தங்கக்குதிரையில் அழகர் வந்தார். ஆறு முழுக்கக் "கோவிந்தா" என்று ஒரே குரல். அத்தை சொம்பின் மேல் சூடத்தை ஏற்றினார்.

நான் கும்பிடக் கையெடுத்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. இரண்டு கையையும் சேர்ப்பதற்காக அவள் கையை விட்டேன். எத்தனை நொடி என்று கேட்டால் பத்து இருக்கும். நான் கண்ணை மூடியிருந்தேன். அவர், நாத்தனார் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தார், நாத்தனார் நான் பிடித்திருக்கிறேன் என்று நினைத்தாள். ஒரு பிள்ளைக்கு நாலு பெரியவர்கள் இருந்தோம். நாலு பேர் இருந்ததுதான் வினை என்று இப்போது தோன்றுகிறது. தனியாகப் போயிருந்தால் கையை விட்டிருக்கவே மாட்டேன்.

கீழே பார்த்தால் அவள் இல்லை. நமக்குக் கூட்டம் என்றால் தலைகள். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கூட்டம் என்றால் வெறும் இடுப்பும் வேட்டியும் சேலையும்தான். இரண்டு அடி தள்ளிப் போனால் அம்மா எந்தச் சேலை என்று அதற்கு எப்படித் தெரியும்? அழகரைப் பார்த்தாயிற்று என்று ஜனம் திரும்ப ஆரம்பித்திருந்தது. அந்தத் திரும்பலில் அவளும் போய்விட்டாள்.

நான் முதலில் ஓடியது தண்ணீரைப் பார்த்து. திருவிழாவுக்காக வைகை அணையில் திறந்த தண்ணீர் சில இடத்தில் முழங்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் முழங்கால் என்றால் அவளுக்கு இடுப்பு. சேலையோடு இறங்கிவிட்டேன். அப்போதுதான் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தண்ணிப் பக்கம் நாங்க பாக்குறோம் தாயி. நீ நின்ன இடத்த விட்டு நகராத. பிள்ள தேடி அங்கதான வரும்" என்றார். அவரோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். குப்பை அள்ளுகிற கம்பை வைத்துக்கொண்டு பாலத்துத் தூண் ஓரமாகப் பள்ளம் பள்ளமாகப் பார்த்தபடி போனார்கள். அந்த நாலு பேருக்கும் என் முதல் நன்றி. அன்றைக்கு அவர்களுக்கு இருந்த வேலை கொஞ்சமா? அதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு என் பிள்ளையைத் தேடினார்கள். ஆற்றில் இல்லை என்று வந்து சொல்லிவிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினார்கள்.

இனி துருத்தித் தம்பிக்கு.

தம்பி, உங்களைப் பற்றி முழுசாகச் சொன்னது என் மகள்தான். சலங்கைச் சத்தம் கேட்டுத்தான் உங்கள் பின்னால் வந்தாளாம். தலையில் உருமா, சல்லடம், தோளில் ஆட்டுத்தோல் துருத்தி. நீங்கள்தான் அழகர் என்று நினைத்துவிட்டாள். கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் நாங்கள் இல்லாதது தெரிந்து அழுதிருக்கிறாள். நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தேடி அலையவில்லை. துருத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் உயரத்துக்கு மணலில் உட்கார்ந்தீர்கள். "பாப்பா, நாம இங்கனயே இருப்போம், அம்மா வந்துரும்" என்றீர்கள். கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தீர்கள். நெரிசல் கூடியதும் பத்தடி தள்ளி இருந்த மோர்ப் பந்தலுக்குத் தூக்கிப் போனீர்கள். அங்கேயும் விட்டுவிட்டுப் போகவில்லை.

பெரியவர்கள் நிறையப் பேருக்கு அந்த யோசனை வராது. தொலைந்த பிள்ளையைக் கண்டால் தூக்கிக்கொண்டு நடக்கத்தான் நமக்கெல்லாம் கால் பரபரக்கும். பெற்றவர்கள் ஒரு பக்கம் தேட, பிள்ளை இன்னொரு பக்கம் போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் அசையாமல் உட்கார்ந்த அந்தக் கால் மணி நேரத்தால்தான் அவள் எங்களை விட்டு நூறடிக்கு மேல் போகவில்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரியும் தம்பி. நீங்கள் விரதம் இருந்து, மாலை போட்டு, அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிற நேர்த்திக்கடனுக்காக வந்தவர். நான் வந்து சேர்ந்தபோது உங்கள் துருத்தி நிறைந்தபடியே மணலில் கிடந்தது. உங்கள் கூட்டாளிகள் போய்விட்டார்கள், சாமியும் நகர்ந்துவிட்டார். பிறகு அழகர் அடுத்துப் போகிற ராமராயர் மண்டபத்திலாவது உங்களுக்குச் சாமி கிடைத்தாரா என்று கேட்கக்கூட எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அந்தக் கடன் இப்போது எங்கள் வீட்டுக் கடன்.

மோர்ப் பந்தல் அம்மா, என் மகள் உங்களை "மோர் அப்பத்தா" என்றுதான் சொல்கிறாள். அழுகிற பிள்ளைக்கு யாரோ நீட்டிய ஜிகர்தண்டாவை வாங்கவிடாமல் உங்கள் கையால் நீர்மோர் கொடுத்தீர்களாம். "பாப்பா யாரோட பிள்ள" என்று எட்டிப் பார்த்தவர்களிடம் எல்லாம் "எங்க வீட்டுப் பிள்ளதான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். ஊருக்கே சத்தம் போட்டுச் சொன்னால் யார் வேண்டுமானாலும் வந்து என் பிள்ளை என்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அவளுக்கு அப்பா போன் நம்பர் மனப்பாடம். எல்.கே.ஜி. டீச்சர் பத்து எண்ணையும் பாட்டு மாதிரி ராகம் போட்டுப் பாட வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். பயந்துபோன பிள்ளைக்குப் பேச்சு வராது. ஆனால் பாட்டு வந்திருக்கிறது. டீச்சர், உங்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. ஆனால் அத்தனை லட்சம் ஜனம் கூடிய இடத்தில் எந்த போன் போகும்? மோர் அப்பத்தா, உங்கள் மகன் பத்துத் தடவை அடித்திருக்கிறார், லைன் கிடைக்கவில்லை. பிறகு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்கிறார். அது மட்டும் எப்படியோ நுழைந்து வந்துவிட்டது. "உங்க பாப்பா எங்ககிட்ட இருக்கு. ஏ.வி. பாலம் வடகரை, மோர்ப் பந்தல். பத்திரமா இருக்கு, மெதுவா வாங்க." அந்த எஸ்.எம்.எஸ்.ஸை என் வீட்டுக்காரர் இன்னும் அழிக்கவில்லை. "மெதுவா வாங்க" என்று எழுத அந்தப் பிள்ளைக்குத் தோன்றியதே என்று வீட்டில் அடிக்கடி சொல்வோம். அந்தச் சொல் இல்லாவிட்டால் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, இன்னொருவர் பிள்ளையை மிதித்திருப்போம்.

காவலர் அக்கா, உங்களிடம் நான் மன்னிப்பும் கேட்க வேண்டும்.

பந்தலுக்கு வந்து "தங்கம்" என்று கத்திக்கொண்டு கையை நீட்டினேன். நீங்கள் குறுக்கே நின்றீர்கள். அவளை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு, "இருங்கம்மா, பிள்ள காதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டீர்கள். எனக்குச் சட்டென்று வரவில்லை. காலையில் என் கையால் போட்ட கம்மல், வாயில் வரவில்லை. உடம்பில் மச்சம் எங்கே என்றீர்கள். போட்டோ கேட்டீர்கள். வாசல் லைட்டில் எடுத்த அந்தப் போட்டோவை நாத்தனார் காட்டினாள். அதையும் உடனே நம்பவில்லை. பாவாடைக் கரையைப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் பிள்ளைய எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன்.

"உங்களுக்குத் தெரியும்மா. எனக்குத் தெரியணும்ல" என்றீர்கள்.

பிறகு குனிந்து அவளிடம் பேசினீர்கள். "இவங்கதான் உங்க அம்மாவா" என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் பயந்த பிள்ளை யாரைக் காட்டினாலும் தலையாட்டும். "இவங்க யாரு?" என்று மட்டும் கேட்டீர்கள். அவள் உங்கள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள், பேசவில்லை. நான் செத்துப் பிழைத்த நேரம் ஆற்றங்கரையில் தேடியது அல்ல, இதுதான். நீங்கள் அவசரப்படுத்தவில்லை. "ராத்திரி யார் பக்கத்துல தூங்குவ?" என்றீர்கள். அவள் என்னைக் கை காட்டி, "அம்மா, நீங்க ஏன் அழகர் மாதிரி லேட்டா வந்தீங்க?" என்றாள். தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு அழகர் நேரம் தப்பி வந்த கதையை முந்தின ராத்திரிதான் அவளுக்கு அவள் அப்பா சொல்லியிருந்தார். அதற்குப் பிறகும் ஆதாரைப் பார்த்து, நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தீர்கள்.

அக்கா, அன்றைக்கு உங்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். இப்போது ராத்திரிகளில் நான் நினைத்துப் பார்ப்பது ஒன்றைத்தான். எனக்கு முன்னால் வேறு ஒரு பெண் அழுதுகொண்டு வந்து கையை நீட்டியிருந்தால்? நீங்கள் அவளையும் இதே மாதிரிதான் நிறுத்தியிருப்பீர்கள். என்னைச் சந்தேகப்பட்டீர்களே, அதற்குத்தான் எல்லாவற்றுக்கும் மேலான நன்றி.

எங்கள் வீட்டில் இப்போது சில பழக்கம் மாறியிருக்கிறது. சந்தைக்குப் போனாலும் பிள்ளைகளைக் கிளம்பும் முன் போட்டோ எடுக்கிறோம். பால்பாயிண்ட் பேனாவால் முன்கையில் நம்பர் எழுதிவிடுகிறோம். திருவண்ணாமலை தீபத்துக்குக் காவல்துறை பிள்ளைகள் கையில் பெயரும் நம்பரும் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்களே, அதைப் பார்த்து வந்த யோசனை. எந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்கிறோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அத்தைகூடச் சொல்வார். கூட்டத்தில் சாமி கும்பிடும்போது நான் ஒரு கையால்தான் கும்பிடுகிறேன். அழகர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மோர் அப்பத்தா, கடைசியாக ஒரு விஷயம். நீங்கள் மோர் கொடுத்த எவர்சில்வர் டம்ளரை என் மகள் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். பஸ்ஸில்தான் பார்த்தோம். அடியில் இரண்டு எழுத்து வெட்டியிருக்கிறது. உங்கள் வீட்டுச் சீர்ப் பாத்திரமாக இருக்கும் என்கிறார் அத்தை. அதில் யாரையும் தண்ணீர் குடிக்க விடாமல் சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள். வருகிற சித்திரையில் அதே இடத்தில் பந்தல் போடுவீர்கள் அல்லவா? விடியற்காலையிலேயே வந்துவிடுகிறோம். துருத்தித் தம்பியைப் பார்த்தால் அவரையும் நிற்கச் சொல்லுங்கள். அவருக்குத் தண்ணீர் நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்று இவள் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நன்றியுடன்,
மஞ்சள் பாவாடைப் பாப்பாவின் அம்மா,
திருமங்கலம்