இரவு 11 மணிக்கும் அழைப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் எனக்கு, தொடக்கப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகனின் ஆசிரியையை நேரில் பார்ப்பது அரிது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பழக்கத்துக்கு வந்த வாட்ஸ்அப் குழு முறைதான் இன்றும் எங்களுக்குப் பாலம். வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்துப் போடுவதோடு அவர் நிற்பதில்லை. ல, ள, ழ உச்சரிப்பைக் குரல் பதிவில் நிதானமாகச் சொல்லிக் காட்டுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியார்கூட அதைப் போட்டுவிட்டுப் பேரனை உட்கார வைத்துவிடுகிறார். மதிப்பெண்ணை மட்டும் குழுவில் போடவே மாட்டார், தனியாகத்தான் அனுப்புவார். எவ்வளவு பெரிய பண்பு!

ஆனால் சில பெற்றோர் இரவு 11 மணிக்கும் அவரை அழைக்கிறார்கள். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆசிரியர்கள் எத்தனை மணி வரை பதில் சொல்வார்கள் என்பதைப் பள்ளி நிர்வாகங்களே முடிவு செய்து, குழுவின் முகப்பில் எழுதி வைக்க வேண்டும்.

ஒரு தாய்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு