நாய் மருந்தில் பாதியைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள்

செல்லப்பிராணிகளுக்கான மருந்து விற்கும் கடைக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும்,

வணக்கம். "பூனை சொறிந்துகொண்டே இருக்கிறது, ஏதாவது கொடுங்கள்" என்று யாராவது வந்து நின்றால், கழுத்தில் விடும் சொட்டு மருந்தை எடுத்து நீட்டிவிடுகிறீர்கள். பூனைக்கானது கைவசம் இல்லையென்றால் நாய்க்கானதைக் கொடுத்து, "பாதி விடுங்கள், போதும்" என்று சொல்பவர்களும் உங்களில் உண்டு. அந்தப் பாதியைப் பற்றித்தான் இந்த மடல்.

நாய்களுக்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது, அதுவும் 50 சதவீதம் அளவுக்குக்கூட. நாயின் உடல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு என்பதால், மருந்து உடலில் தங்கி நரம்புகளைத் தாக்கும். முதலில் காதும் முகமும் வெட்டிவெட்டி இழுக்கும், எச்சில் ஒழுகும். அப்புறம் உடல் முழுக்க நடுக்கம், வலிப்பு. சில மணி நேரத்திலும் தொடங்கலாம், மறுநாளும் தொடங்கலாம். இதை முறிக்கத் தனி மருந்து கிடையாது. வலிப்பை அடக்கி, உடம்பு தேறும்வரை மருத்துவர் தாங்கிப்பிடிக்க வேண்டியதுதான். இவ்வளவு செறிவான மருந்தில் பாதி என்பது பாதுகாப்பான அளவே இல்லை. மருந்து போட்ட நாயை ஒட்டிப் படுக்கும் பூனைக்குக்கூட ஆபத்து உண்டு.

தவறிப்போய் ஏற்கெனவே விட்டுவிட்டதாக யாராவது பதறிக்கொண்டு வந்தால், பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து அந்த இடத்தைக் கழுவச் சொல்லுங்கள். வெந்நீர் வேண்டாம். வலிப்பு வந்துவிட்டால் கழுவிக்கொண்டிருக்க நேரமில்லை. மருந்து அட்டையுடன் நேராக மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

சரி, விற்பதற்கு முன் என்ன கேட்கலாம்? பூனையின் வயது, எடை, எங்கே சொறிகிறது. கடைசிக் கேள்வியே பாதி கதையைச் சொல்லிவிடும். வாலடியிலும் முதுகிலும் முடி கொட்டி, தடவினால் பொடிப்பொடியாகச் சிறு பருக்கள் தட்டுப்பட்டால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிக்கலாம். "பூச்சியே கண்ணில் படவில்லையே" என்பார்கள். பூனை நக்கி நக்கி விழுங்கிவிடும், எப்படிப் படும்? நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாக ஊறினால் அது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த இரத்தம்.

தலையை உதறிக்கொண்டே இருந்து, காதுக்குள் காப்பித்தூள் மாதிரி அழுக்கு தெரிந்தால் காதுப்பூச்சியாக இருக்கலாம். பூஞ்சைத் தொற்றிலும் கிட்டத்தட்ட இதே அழுக்குதான். காதுக்குள் பார்க்காமல் சொட்டு விட வேண்டாம். காது விளிம்பில் தடித்த பொருக்கு தொடங்கி முகத்துக்குப் பரவினால் சொறிச்சிரங்கு. மற்ற பூனைகளுக்கு வேகமாகத் தொற்றும், தூக்கிக் கொஞ்சுபவர்களுக்கும் அரிக்கும். வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது பூஞ்சை, பூச்சி மருந்துக்கு அடங்காது.

"மருந்து போட்டும் போகவில்லை" என்று திரும்பி வருபவருக்கு உடனே இன்னொரு மருந்தை விற்காதீர்கள். ஒரு பெண் தெள்ளுப்பூச்சி ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகூட இடும். அவை உதிர்ந்து படுக்கையிலும் கம்பளத்திலும் கிடக்கும். அவை பொரித்து வளர்ந்து உருவாகும் கூட்டுப்புழுவோ மாதக்கணக்கில் காத்திருக்கும். வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும், அததற்குரிய மருந்தை, குறைந்தது 3 மாதம் விடாமல் போட்டு, படுக்கையைச் சுடுநீரில் துவைத்தால்தான் அந்தச் சுழற்சி அறுபடும். ஒன்றின்மேல் இன்னொன்றாக மருந்து பூசினால் பூனைக்குத்தான் கெடுதல்.

'இயற்கை' என்று அச்சிட்டிருப்பதும் ஜாக்கிரதை. தேயிலை மர எண்ணெய் பூனைக்கு நஞ்சு. மனிதர்களின் சிரங்குக்குப் பூசும் பென்சைல் பென்சோயேட்டும் அப்படியே. ஈறு வெளுத்த குட்டி என்றால் பூச்சி இரத்தத்தைக் குடித்துச் சோகை வந்திருக்கலாம். எதையும் விற்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

உங்களிடம் கேட்பது இரண்டே. நாய் மருந்தையும் பூனை மருந்தையும் ஒரே தட்டில் அடுக்காதீர்கள். பூனைக்கானது தீர்ந்துவிட்டால், "இல்லை, வந்ததும் சொல்கிறேன்" என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பூனை வளர்க்கும் ஒரு வாடிக்கையாளர்