பழுதான மெஷினில் காசு வாங்காதீர்கள்: கேம் சோன் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கவுன்ட்டரில் இருக்கிற புகார் நோட்டில் இரண்டு தடவை எழுதிவிட்டேன், மேனேஜரிடம் நேரிலும் பேசிவிட்டேன், அதனால் விஷயம் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாவது தடவையும் அந்த நோட்டிலேயே எழுத மனசு வரவில்லை. சனி ஞாயிறு ஆனால் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், பொள்ளாச்சி என்று கேரள, தமிழ்நாட்டு எல்லைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வருகிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். பழுதான மெஷினில் காசு வாங்காதீர்கள்.

என் மகள் நாலாம் வகுப்பு. விஷுவுக்குத் தாத்தா, மாமா, பெரியம்மா எல்லோரும் கொடுத்த கைநீட்டக் காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு லீவில் உங்களிடம் வந்தாள். ஏற்கெனவே பல தடவை வந்து ஜெயித்த 912 டிக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். உங்கள் பரிசு அலமாரியில் 1,100 டிக்கெட்டுக்கு ஒரு டேபிள் லேம்ப் இருக்கிறது, அதன் மேல் அவளுக்குக் கண். பந்தை உருட்டி வளையத்துக்குள் போடுகிற விளையாட்டு அவளுக்கு நன்றாக வரும், கை பழகிவிட்டது. அன்றைக்கு நல்ல நேரம், டிஸ்ப்ளேயில் 214 காட்டியது. 912-உம் 214-உம் கூட்டிப் பார்த்துவிட்டுக் குதித்தாள். மெஷின் 26 டிக்கெட்டைத் தள்ளிவிட்டு நின்றுவிட்டது.

உங்களிடம் வேலை பார்க்கிற பையன் வந்தான், சாவி போட்டுத் திறந்தான், ரோலை ஒரு இழு இழுத்தான், அப்புறம் பின்பக்கம் போய் சுவிட்சை அணைத்துப் போட்டான். மெஷின் திரும்ப எழுந்தபோது டிஸ்ப்ளேயில் சைபர். மிச்சம் 188 எங்கே என்று கேட்டால், "மெஷினில் காணிக்குன்னில்லல்லோ சேட்டா" என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை, மெஷினில் காணவில்லைதான். சுவிட்சை அணைப்பதற்கு முன்னால் அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

நான் பத்தொன்பது வருஷமாக ரேடியோ, டிவி, மிக்ஸி, இன்வெர்ட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். அதனால் என்ன நடந்தது என்று நின்று பார்த்தாலே கொஞ்சம் புரிந்துவிடுகிறது. அந்த டிக்கெட் ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. அது ஒரு லைட் சென்சாருக்கு நடுவில் கடக்கும்போது ஒன்று, இரண்டு என்று போர்டு எண்ணிக்கொள்கிறது. காகிதத் தூள் உதிர்ந்து அந்தச் சென்சாரை மூடிக்கொண்டால் டிக்கெட் போனதா இல்லையா என்று போர்டுக்குத் தெரியாது, மோட்டாரை நிறுத்திவிடும். காது குடைகிற பஞ்சுக் குச்சியும் ஒரு பிளோயரும் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. இப்போதே இப்படியென்றால் எடவப்பாதி மழை, அதாவது ஜூன் வாக்கில் வருகிற தென்மேற்குப் பருவமழை, பிடித்து ஈரக்காற்று அடிக்கும்போது டிக்கெட் ரோல் ஊறித் தடித்து இன்னும் சிக்கும்.

சரி, அது போகட்டும் என்று மகளைச் சமாதானம் செய்தேன். உங்களிடம் முன்கூட்டியே பணம் போட்டு வாங்கிய கார்டில் நாலு ஆட்டத்துக்குக் காசு இருந்தது. பொம்மை எடுக்கிற கிரேனுக்குப் போனாள், ஒரு மஞ்சள் வாத்து கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கிரேன் கொக்கி சரியாக அதன் தலைமேல் இறங்கியது, மூன்று விரலும் விரிந்தபடியே நின்றது, விரிந்தபடியே மேலே போனது. இரண்டாவது தடவை கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தி இறக்கினாள். மூன்றாவது தடவை குனிந்து, பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக அளவு பார்த்துவிட்டு வந்து இறக்கினாள். நாலாவது தடவை பக்கத்தில் நின்ற தெரியாத ஒரு பெண்ணிடம், "அக்கா, நான் எங்க நிறுத்தணும்?" என்று கேட்டுவிட்டு அவள் சொன்ன இடத்தில் இறக்கினாள். நாலு தடவையும் விரல் மூடவே இல்லை. திரும்பி என்னைப் பார்த்து, "நான்தான் தப்பா நிறுத்தறேனாப்பா?" என்றாள்.

எனக்கு அந்த 188 டிக்கெட்டை விட இதுதான் ஆறவில்லை. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. கொக்கியை மூடுவது ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள். அதில் கரன்ட் பாய்ந்தால் அது காந்தமாகி உள்ளே இருக்கிற இரும்பை இழுக்கும், விரல் மூடும், அப்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் நாலு தடவையும் வரவில்லை. பிடியை இறுக்கமாகவும் தளர்வாகவும் வைக்க போர்டில் செட்டிங் உண்டு, எத்தனை ஆட்டத்துக்கு ஒரு தடவை இறுக்கிப் பிடிக்கலாம் என்றுகூட வைக்கலாம், அது எனக்குத் தெரியும். அப்படி வைத்திருந்தால் விரல் மூடும், தூக்கும், பாதியில் நழுவவிடும். அந்த செட்டிங்கை மெஷின் மேல் எழுதி ஒட்ட வேண்டும் என்பது என் கட்சி, ஆனால் அதற்கு இன்னொரு நாள் சண்டை போடலாம். இது செட்டிங் இல்லை. காயிலுக்குக் கரன்டே போகவில்லை. மேலிருந்து கொக்கிக்கு வருகிற ஒயர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இறங்கி ஏறுகிறது. இஸ்திரிப் பெட்டி ஒயர் எப்படி மடங்கி மடங்கி உள்ளே அறுந்து, வெளியே பார்க்க நன்றாகவே இருக்குமோ அதே கதையாகத்தான் இருக்கும். மல்டிமீட்டர் வைத்தால் ஒரு நிமிஷத்தில் தெரியும், சால்டரிங் அயர்ன் சூடாகிற நேரத்தோடு சேர்த்து அரை மணி நேரம்.

ஆனால் அந்த மெஷின் நாலு தடவையும் காசை ஒழுங்காக வாங்கிக்கொண்டது. இதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும் என்று கேட்கிறேன். கார்டு ரீடர் தனி, விளையாட்டு தனி. முன்பு காசு விழுந்தால் போகிற சிக்னலை இப்போது ரீடர் அனுப்புகிறது, அவ்வளவுதான் அதற்கும் மெஷினுக்கும் உறவு. கொக்கி செத்தாலும், டிக்கெட் சிக்கினாலும் ரீடருக்குத் தெரியாது, அது பாட்டுக்குக் காசை எடுக்கும். அதனால் பழுதை உடனே சரி செய்ய முடியாவிட்டாலும் காசு எடுப்பதை உடனே நிறுத்த முடியும். ரீடரின் ஒரு கனெக்டரைக் கழற்றிவிட்டு, 'பழுது' என்று ஒரு தாள் ஒட்டினால் போதும். இரண்டு வாரம் கழித்து நான் வந்தபோதும் அதே கிரேன், அதே வாத்து, ரீடரில் பச்சை லைட், முன்னால் ஒரு சின்னப் பையன் அவன் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். "ஒழுங்கா விளையாடத் தெரியாம ஏன்டா காசைக் கரியாக்கற?" என்று.

உங்கள் பையன்களைக் குறை சொல்லவில்லை. அவர்களிடம் சாவி மட்டும்தான் இருக்கிறது. கேட்டால், "கொச்சியிலிருந்து டெக்னீஷியன் வரணும்" என்கிறார்கள். எப்போது வருவார் என்றால் பதில் இல்லை. ஏர் ஹாக்கி மேஜையில் காற்றே வரவில்லை, தட்டி விளையாடுகிற வட்ட வில்லை நகராமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. துப்பாக்கி விளையாட்டில் குறி ஒரு சாண் தள்ளி விழுகிறது. எல்லாவற்றுக்கும் கொச்சிதான் பதில். என் கடையில் ஒருவர் மிக்ஸியைக் கொடுத்து, நான் ரிப்பேரும் செய்யாமல் கூலியும் வாங்கினால் அடுத்த நாள் கடை வாசலில் ஊரே நிற்கும், நிற்கவும் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பணம் திருப்பித் தரப்படாது' என்று சுவரில் எழுதியிருக்கிறீர்கள், மலையாளத்தில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள், தமிழில் ஒரு வரி இல்லை. 1969-ஆம் வருஷ ஆட்சிமொழிச் சட்டப்படி கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் சர்க்கார் ஆபீஸுக்கே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனால் எங்களிடம் காசு வாங்கும்போது எந்தப் பாஷையும் குறுக்கே வருவதில்லை, புகார் சொல்லும்போது மட்டும் "மலையாளத்தில் எழுதித்தாங்க" என்கிறீர்கள். எல்லையில் வாழ்கிறவனுக்கு இது பஸ்ஸிலும் பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது, பழகியும்விட்டது. பிள்ளைகள் விளையாடுகிற இடத்திலாவது வேண்டாமே என்று தோன்றுகிறது.

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். கேட்பது ஒன்றுதான், பழுதான மெஷினில் காசு வாங்காதீர்கள்.

இந்தத் தொழிலை இப்படி ஒழுங்காக நடத்த முடியாது என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் 1985-இல் செகா கம்பெனி 'யுஎஃப்ஓ கேட்சர்' கொண்டுவந்த காலத்திலிருந்து இந்தப் பொம்மைக் கிரேன் அங்கே பெரிய தொழில். அங்கே ரொம்ப நேரம் ஆடியும் கிடைக்காமல் நிற்கிறவர் கேட்டால், கடைப் பணியாளரே வந்து கண்ணாடியைத் திறந்து பொம்மையை எடுக்கத் தோதாக நகர்த்தி வைப்பது சாதாரண வழக்கம். அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை. விரல் மூடினால் போதும் என்கிறேன்.

காசு வாங்கிக்கொண்டு சேவை தராவிட்டால் 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குச் 'சேவைக் குறைபாடு' என்று பெயர். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள புகாருக்குக் கட்டணமே கிடையாது. மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. நாலு ஆட்டக் காசுக்காகக் கோர்ட்டுப் படி ஏற எனக்கும் நேரம் இல்லை, ஆனால் எல்லோரும் அப்படி நினைத்துத்தான் இது இவ்வளவு நாள் ஓடுகிறது.

ஆகவே தயவுசெய்து, பழுதான மெஷினின் ரீடரை அன்றைக்கே அணைத்துவிடுங்கள். டிக்கெட் சிக்கினால் சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். 'பழுது' என்ற தாளைத் தமிழிலும் ஒட்டுங்கள். டெக்னீஷியன் வர நாளாகும் என்றால், திங்கட்கிழமை எனக்குக் கடை லீவு, மீட்டரும் சால்டரிங் அயர்னும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன், அந்தக் கிரேன் ஒயருக்குக் கூலி வேண்டாம்.

என் மகளுக்கு வரவேண்டிய டிக்கெட் 188. அவள் கார்டு நம்பர் புகார் நோட்டில் இரண்டு இடத்திலும் எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு அப்பா